நகர மறுக்கும் வானிலை: முன்னறிகுறிகளைப் படிப்பது எப்படி

புயல் வருகிறது என்றதும் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிப்பது நம் கடற்கரைப் பழக்கம். புயலின் வலு என்ன, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைக் கூண்டு சொல்லிவிடும். அது எத்தனை மணி நேரம் நம் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் என்பதைச் சொல்லாது. சேதத்தைத் தீர்மானிப்பது பல சமயம் அந்த இரண்டாவது கேள்விதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அதைக் கொடுத்தது புயல் அல்ல. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட ஒரு வளிமண்டலச் சுழற்சி. அதற்குப் பெயர்கூட இல்லை. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், புயல் வகைகளில் கீழ்ப்படியில் இருந்தது. ஆனால் கரையேறிய பிறகு அது இடத்தை விட்டு நகரவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை பதிவானது.

கணக்கு எளிது. 150 கி.மீ. அகலமுள்ள மழைப் பகுதி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் உங்கள் ஊரை 10 மணி நேரத்தில் கடந்துவிடும். மணிக்கு 5 கி.மீ. என்றால் 30 மணி நேரம். மணிக்கு 2 செ.மீ. மழை என்று வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் 20 செ.மீ., இரண்டாவதில் 60 செ.மீ. மழையின் தீவிரம் ஒன்றேதான். நேரம் மட்டும் மூன்று மடங்கு.

அந்த நேரத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் இந்த இயலின் பாடம். விதி ஒன்றுதான்: தாழ்வு மண்டலத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். எந்தச் சுழலும் தானாக நிற்பதில்லை. சுற்றியுள்ள காற்று அதை நிறுத்தி வைக்கிறது.

1. ஏன் நிற்கிறது?

நிற்கும் வானிலையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இரண்டையும் கலந்துவிட்டால் அறிகுறிகளும் குழம்பிவிடும்.

முதல் குடும்பம் மிதவெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. ஐரோப்பா, ரஷ்யா, வட அமெரிக்கா மீது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றோட்டம் நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து வளைந்து போகும். வடக்கே வளைந்த இடம் உயரழுத்த மேடு. தெற்கே இறங்கிய இடம் பள்ளம். இந்த அலைகளின் ஓட்டத்தை 1939-ல் விளக்கியவர் ஸ்வீடனில் பிறந்த கார்ல்-குஸ்டாஃப் ராஸ்பி. பூமி சுழல்வதால் இந்த அலைகளுக்கு மேற்கு நோக்கிப் பின்வாங்கும் குணம் உண்டு. அடிக்கும் காற்றோ அவற்றைக் கிழக்கே தள்ளுகிறது. அலை நீளமாக நீளமாகப் பின்வாங்கும் குணம் கூடும். இரண்டும் சமமாகும்போது அலை நின்றுவிடும். வளைவு முற்றிப்போய், காற்றோட்டம் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓர் உயரழுத்தம் தனித்து நின்றால் அதற்கு பிளாக்கிங் என்று பெயர். ஐந்து நாள் முதல் சில வாரங்கள் வரை அது அசையாது.

இரண்டாவது குடும்பம் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்துக்குத் தனியாக இன்ஜின் கிடையாது. சுற்றியுள்ள உயரழுத்தங்களின் ஓரத்தில் வீசும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. இதை ஸ்டியரிங் காற்று என்போம். ஒரு பக்கம் மட்டும் உயரழுத்தம் வலுவாக இருந்தால் சுழல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நகரும். இரண்டு பக்கமும் சமபலத்தில் இருந்தால், வடம் இருபுறமும் இழுக்கப்பட்ட தேர் மாதிரி நடுவீதியில் நின்றுவிடும். இந்த நிறுத்தம் பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து இரண்டு, மூன்று நாள் வரை நீடிக்கும்.

இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று உறவுதான். ஆசியாவின் மேல் பிளாக்கிங் நின்றால் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துபோவதை சி.ஆர்.வி. ராமன், ஒய்.பி. ராவ் இருவரும் 1981-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சுட்டிக்காட்டினார்கள். வடக்கே வெகுதொலைவில் நிற்கும் ஒரு மேடு, இங்கே ஆடி, ஆவணி மழையில் கைவைக்கக்கூடும்.

2. ஐந்து அறிகுறிகள்

இவற்றை இதே வரிசையில் பாருங்கள். முதல் அறிகுறி பத்து நாள் முன்பே தென்படலாம். கடைசி அறிகுறி சில மணி நேரம்தான் தரும். முன்னால் உள்ளது அதிக நேரம் தரும், குறைந்த உறுதி தரும். பின்னால் உள்ளது நேர்மாறு.

அறிகுறி 1: படிவம் நிமிர்வது (5 முதல் 10 நாள் முன்பு)

இதற்கு ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும். தாளின் மேற்பக்கத்தில் இடமிருந்து வலமாகத் தீர்க்கரேகைகளை எழுதுங்கள்: ரஷ்யா, ஐரோப்பாவைக் கவனிப்பதென்றால் 0 முதல் 120 டிகிரி கிழக்கு. இடப்பக்கம் மேலிருந்து கீழாகத் தேதிகள். தினமும் ஒரே நேரத்து 500 மில்லிபார் வரைபடத்தைத் திறந்து, 50, 60 டிகிரி வடக்கு அட்சரேகைகளை ஒட்டி உயரழுத்த மேட்டின் உச்சி எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். பள்ளத்துக்கு வேறு நிறம். (500 மில்லிபார் என்பது தரையிலிருந்து ஐந்தரை கி.மீ.க்கு மேற்பட்ட உயரம். மலை, கட்டடம் என்று எதிலும் இடறாமல் அங்கே காற்று ஓடுவதால் படிவம் தெளிவாகத் தெரியும்.)

அலைகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தால் புள்ளிகள் இடமேலிருந்து வலக்கீழாகச் சாய்ந்து இறங்கும். சாய்வு மூன்று நாளாகக் குறைந்து, புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிமிர ஆரம்பித்தால் அலை நிற்கிறது என்று பொருள். எர்னஸ்ட் ஹொவ்மோலர் 1949-ல் அறிமுகப்படுத்திய இந்த வரைபட முறையை இன்றும் பெரிய மையங்கள் பயன்படுத்துகின்றன. கணினியே வரைந்து தரும்தான். ஆனால் கையால் பத்து நாள் புள்ளி வைத்தவருக்கு மட்டுமே எந்த நாளில் சாய்வு மாறியது என்பது மனதில் நிற்கும்.

இதோடு சேர்த்து ஒரு சோதனை. ஒரே தீர்க்கரேகையில் 40 டிகிரி வடக்கிலும் 60 டிகிரி வடக்கிலும் 500 மில்லிபார் பரப்பின் உயரத்தைப் படியுங்கள். இயல்பாக 40 டிகிரியில்தான் உயரம் அதிகம், ஏனெனில் அங்கே காற்று வெதுவெதுப்பானது. 60 டிகிரியில் உயரம் அதிகமாகிவிட்டால் காற்றோட்டம் தலைகீழாகிவிட்டது. 1990-ல் திபால்டி, மோல்தேனி இருவரும் வகுத்த அளவுகோலின் சாரம் இதுதான். ஒருநாள் கூத்தை நம்பாதீர்கள்; தொடர்ந்து ஐந்து நாள் இருந்தால்தான் பிளாக்கிங்.

மேட்டின் வடிவத்தையும் கவனியுங்கள். நடுவில் உயரழுத்தம், இரண்டு தோளிலும் பள்ளம் என்று கிரேக்க எழுத்தான ஒமேகாவைப் போல் படிவம் விரிந்தால் அது நீண்ட நாள் தங்கும் வகை. அந்தப் படம் தெரிந்தால் மேட்டின் அடியில் இருப்பவர்களுக்கு வெப்பம், தோள்களில் இருப்பவர்களுக்கு மழை என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 2: இரு பக்கமும் உயரழுத்தம் (3 முதல் 5 நாள் முன்பு)

இப்போது வங்கக்கடலுக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானதும் அதைச் சுற்றியுள்ள உயரழுத்தங்களைத் தேடுங்கள். ஒன்று இந்தியாவின் மேலோ அரபிக்கடல் பக்கமோ இருக்கும். இன்னொன்று மேற்கு பசிபிக்கிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியே நீண்டிருக்கும். 500 மில்லிபார் வரைபடத்தில் 5,880 மீட்டர் கோடு இந்த உயரழுத்தங்களின் எல்லையைக் காட்டப் பொதுவாகப் பயன்படும்.

இரண்டும் இணைந்து வடக்கே ஒரே சுவராக நின்றால் பயம் குறைவு. அந்தச் சுவரின் தெற்கு ஓரத்தில் வீசும் கிழக்குக் காற்று சுழலை மேற்கே தள்ளிவிடும். நடுவில் பிளவு விழுந்து, சுழல் அந்தப் பிளவுக்கு நேர் கீழே வந்து நின்றால்தான் சிக்கல். மேற்கு மேட்டின் ஓரக் காற்று தெற்கே தள்ளுகிறது, கிழக்கு மேட்டினுடையது வடக்கே தள்ளுகிறது. சுழலுக்குப் போக்கிடம் இல்லை.

2017-ல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் ஹார்வி புயலுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகஸ்ட் 25-ல் கரையேறிய அது, இரண்டு உயரழுத்தங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு டெக்சஸை விட்டு நாள்கணக்கில் போகவில்லை. இடையில் மீண்டும் கடலுக்குள் இறங்கியது. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்த மழை 153 செ.மீ.யைத் தாண்டியது.

அறிகுறி 3: ஸ்டியரிங் காற்று வற்றுவது (2 முதல் 3 நாள் முன்பு)

எந்த உயரத்துக் காற்று சுழலைத் தள்ளும் என்பது சுழலின் வலுவைப் பொறுத்தது. வலுவான புயல் உயரமாக எழும்பி நிற்கும். அதற்கு 850 முதல் 200 மில்லிபார் வரையிலான காற்றின் சராசரி வேண்டும். தாழ்வு மண்டல அளவில் இருந்தால் 850 முதல் 500 வரை போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிம்ஸ் மையம், சுழலின் வலுவுக்கு ஏற்ற அடுக்குகளைச் சராசரியாக்கி ஸ்டியரிங் வரைபடங்களை இலவசமாக வெளியிடுகிறது. தவறான அடுக்கை எடுத்தால் போகிற சுழல் நிற்பதாகவும் நிற்கிற சுழல் போவதாகவும் தெரியும்.

சுழலுக்கு மேலும் அது போகவிருக்கும் பாதையிலும் இந்தச் சராசரிக் காற்று 5 நாட் (knot) அளவுக்கும், அதாவது மணிக்கு 9 கி.மீ.க்கும் கீழே இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பலவீனமான பகுதி கரையை ஒட்டி இருக்கிறதா, நடுக்கடலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கரையை ஒட்டி என்றால் ஆபத்து பல மடங்கு.

அறிகுறி 4: கணிப்புகள் நாளைத் தள்ளிப்போடுவது (1 முதல் 4 நாள் முன்பு)

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பாவின் ஈசிஎம்டபிள்யூஎஃப் போன்ற கணினி மாதிரிகள் நாளுக்கு நான்கு முறை புதிய கணிப்பைத் தருகின்றன. ஒவ்வொரு முறையும் கரையேறும் இடத்தை மட்டும் பார்ப்பது பலருக்கு வழக்கம். நீங்கள் கரையேறும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நேற்று காலைக் கணிப்பில் வெள்ளி மதியம், நேற்று இரவுக் கணிப்பில் வெள்ளி இரவு, இன்று காலை சனி மதியம் என்று நேரம் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போனால், முன்னே போகும் பாதையில் காற்று வலுவிழந்து வருகிறது என்று பொருள். நிறுத்தம் வரப்போவதை எண்கள் இப்படித்தான் சாடைமாடையாகச் சொல்லும்.

அடுத்து என்செம்பிள். ஒரே தொடக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஓடவிட்ட பல கணிப்புகளின் தொகுப்பு இது. ஐரோப்பிய மாதிரியில் 51, அமெரிக்க மாதிரியில் 31. பாதைகள் விசிறிபோல் இரு பக்கம் விரிந்தால் எங்கே போகும் என்பதில் சந்தேகம். பாதைகள் ஒரே கோட்டில் இருந்து, புள்ளிகள் மட்டும் முன்னும் பின்னும் சிதறினால் எப்போது போகும் என்பதில் சந்தேகம். சில பாதைகள் சுருண்டு வளையம் போட்டால் நிறுத்தத்துக்கு வாய்ப்பு அதிகம். எத்தனை பாதைகள் அப்படிச் சுருள்கின்றன என்று எண்ணுங்கள். கால் பங்கைத் தாண்டினால் அதை ஓரமாக ஒதுக்க முடியாது.

மிதவெப்ப மண்டல பிளாக்கிங்கைப் பொறுத்தவரை மாதிரிகளுக்குப் பழைய குறை ஒன்று உண்டு: மேட்டை உண்மையில் கலைவதற்கு முன்பே கலைத்துவிடும். ஆகவே பிளாக்கிங் உறுதியான பிறகு, இன்னும் நான்கு நாளில் சரியாகிவிடும் என்று மாதிரி சொன்னால், அடுத்தடுத்த கணிப்புகளும் அதையே சொல்லும்வரை நம்பிவிட வேண்டாம்.

அறிகுறி 5: உங்கள் வாசலில் (6 முதல் 12 மணி நேரம் முன்பு)

கடைசி அறிகுறிக்கு இணையம் வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நெதர்லாந்தின் பைஸ் பேலட் 1857-ல் வகுத்த இந்த விதி வட அரைக்கோளம் முழுவதற்கும் பொருந்தும். சுழல் உங்கள் ஊருக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போனால் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்குக்கு வந்து, தென்கிழக்காக முடியும். வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. ஆறு மணி நேரமாகக் காற்று ஒரே திசையிலிருந்து வீசி, மழையும் விடவில்லை என்றால் மையம் அசையவில்லை.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். இப்போது பல செல்பேசிகளில் அழுத்தமானி உண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: நம் அட்சரேகைகளில் புயலே இல்லாத நாளிலும் அழுத்தம் காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் ஏறும், பின்னிரவு 4 மணி, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். வித்தியாசம் ஏறக்குறைய 3 மில்லிபார். இதை அறியாதவர் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் ஒப்பிட்டு, புயல் நெருங்கிவிட்டது என்று அலறுவார். ஆகவே இன்று மாலை 4 மணியை நேற்று மாலை 4 மணியோடு மட்டும் ஒப்பிடுங்கள். அழுத்தம் இறங்கினால் சுழல் வருகிறது, வேகமாக ஏறினால் விலகுகிறது. காற்றின் திசை மாறாமல் அழுத்தம் மெல்ல மட்டும் ஏறினால், சுழல் நின்ற இடத்திலேயே வலுவிழக்கிறது. இந்த மூன்றாவது நிலையில்தான் பலரும் ஏமாறுவார்கள். காற்று தணிந்ததைப் பார்த்து ஆபத்து முடிந்தது என்று நினைப்பார்கள். மழை அப்போதுதான் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்கள் கிடைக்கும்போது, தனித்தனி மேகத் திரள்களை விடுத்து மழைப்பட்டையைக் கவனியுங்கள். திரள்கள் கடலிலிருந்து கரைக்கு வேகமாக ஓடும். அவை ஓடும் பட்டை மூன்று மணி நேரமாக அதே ஊர்களின் மேல் கிடந்தால், அந்த ஊர்களுக்கு மழை வரிசைகட்டி வந்துகொண்டிருக்கிறது.

3. நம் கரை உதாரணம்: ஃபெஞ்சல்

2024 நவம்பர் 25-ல் அது தாழ்வு மண்டலம். 26-ல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியே மெல்ல ஊர்ந்தது. அந்த நாள்களில் தீவின் கிழக்கு, வடக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. 27-ம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனது 29-ம் தேதி. நான்காவது அறிகுறியை எழுதி வைத்திருந்தவருக்கு இந்த இரண்டு நாள் தாமதமே முதல் எச்சரிக்கை மணி.

30-ம் தேதி இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. வழக்கமாகக் கரையேறிய புயல் நிலத்துக்குள் விறுவிறுவென்று போய்ச் சாகும். இது போகவில்லை. டிசம்பர் 1-ம் தேதி காலை அறிவிப்புகளில், ஏறக்குறைய அதே இடத்தில் நிலைகொண்டிருப்பதாகவே இருந்தது. அன்று முற்பகல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. காற்று தணிந்தது. புதுச்சேரியில் அதற்குள் 46 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது.

பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தபோது மழையும் கூடவே போனது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. அந்த நீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களை வெள்ளம் பிடித்தபோது, தொலைக்காட்சிகளில் புயல் முடிந்த செய்தியாகிவிட்டிருந்தது.

இதில் கற்க வேண்டியது: நின்ற சுழலின் கணக்கை உங்கள் ஊர் மழையோடு முடிக்காதீர்கள். உங்கள் ஆற்றின் மேல்நீர்ப்பிடிப்பு எங்கே இருக்கிறது, சுழல் அடுத்து அங்கே போகிறதா என்று பாருங்கள்.

4. தூரத்து உதாரணம்: ரஷ்யாவும் பாகிஸ்தானும், 2010

2010 ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மேற்கு ரஷ்யாவின் மேல் ஓர் உயரழுத்த மேடு நின்றது. ஜூலை 29-ல் மாஸ்கோவில் 38.2 டிகிரி செல்சியஸ். மண் காய்ந்தது, காய்ந்த மண் காற்றை இன்னும் சூடாக்கி மேட்டுக்கே தீனி போட்டது. காடுகளும் கரிமண் நிலங்களும் எரிந்தன. கோதுமை ஏற்றுமதிக்கு அந்நாட்டு அரசு ஆகஸ்ட் 15 முதல் தடை விதித்தது.

அதே நாள்களில், அந்த மேட்டின் கிழக்குத் தோளில் இறங்கிய பள்ளம் பாகிஸ்தானின் வடக்கே வந்து பருவமழையின் ஈரக்காற்றோடு கலந்தது. சிந்து நதி வெள்ளத்தில் சுமார் 2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு நாட்டின் வறட்சியும் இன்னொரு நாட்டின் வெள்ளமும் ஒரே படிவத்தின் இரண்டு முனைகள். முதல் அறிகுறிக்கான கிராஃப் தாளில் ஜூலை மாதத்தைப் பதித்துப் பார்த்தால், ரஷ்ய மேட்டின் புள்ளிகள் நெடுநாள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பது தெரியும். மேடு நிற்பதைக் கண்டால் அதன் இரு தோள்களிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று உடனே பாருங்கள்.

5. ஏமாற்றும் அறிகுறிகள்

மேகத்தை மையம் என்று நினைப்பது. காற்று முறிவு, அதாவது உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவது, அதிகமாக இருந்தால் மேகத் திரள் ஒரு பக்கமும் சுழலின் மையம் வேறு பக்கமும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் மேகம் நின்றிருக்க, மையம் ஓடிக்கொண்டிருக்கலாம். வானிலை மையம் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே பதியுங்கள்.

மையம் இடம் மாறி உருவாவது. வலுக்குறைந்த தாழ்வுகளில் பழைய மையம் கலைந்து சற்றுத் தள்ளி இன்னொன்று பிறக்கும். பாதையில் அது நிறுத்தம்போலவோ பின்வாங்கல்போலவோ தெரியும். 12 மணி நேரப் பதிவு இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்.

நடுக்கடல் நிறுத்தம். ஆழ்கடலில் ஒரே இடத்தில் நிற்கும் புயல், கீழே உள்ள குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து தன் எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே நிற்பது கரைக்கு நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

மையத்துக்கு நேரே மழை என்று எண்ணுவது. நம் கரையில் மையத்துக்கு வடக்கே கடல்காற்று ஏறும் பக்கம்தான் பெரும்பாலும் அதிக மழை. தெற்கே நிலத்துக் காற்று, மழை குறைவு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலிலேயே மெல்ல ஊர்ந்து, பிறகு ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையேறியது. சென்னையில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. கரையேறும் இடத்தின் பெயரைக் கேட்டு நிம்மதி அடைவது ஆபத்து.

6. விலகப்போவதை அறிவது

நிற்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. எப்போது நகரும் என்பது மறுபாதி. மிதவெப்ப மண்டலத்தில் மேற்கிலிருந்து ஒரு வலுவான புதிய அலை வந்து மோதி மேட்டின் மேற்கு ஓரத்தை அரிக்கத் தொடங்கினால் முடிவு நெருங்குகிறது; கிராஃப் தாளில் புள்ளிகள் மீண்டும் வலப்பக்கம் சாயும். வங்கக்கடலில் இரண்டு மேடுகளில் ஒன்று இளைத்து மற்றொன்று வலுப்பெறுவதைத் தேடுங்கள். சமநிலை குலைந்த 12 முதல் 24 மணி நேரத்தில் சுழல் அசையும். வாசலில் காற்றின் திசை மாறுவதே முதல் சான்று.

7. அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

முதல் அறிகுறி மட்டும்: குறித்துக்கொண்டு கவனியுங்கள். யாரையும் பயமுறுத்த வேண்டாம். வியாழக்கிழமைதோறும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் நீட்டித்த கால முன்னறிவிப்போடு ஒப்பிடுங்கள்.

முதல் மூன்றில் இரண்டு சேர்ந்தால்: விவசாயிகள் உரம் போடுவதைத் தள்ளிவைத்து வயல் வடிகால்களைத் திறந்து வையுங்கள். ஊராட்சிகள் வாய்க்கால், பாலத்தடிகளைத் தூர்வாரட்டும். வெப்பம் நிற்பதாக இருந்தால் முதியோர் தனியாக இருக்கும் வீடுகளின் பட்டியல் எடுங்கள். வெப்ப அலையில் முதல் நாளைவிட, இரவிலும் உடல் குளிராத மூன்றாம் நான்காம் நாள்களே உயிரைப் பறிக்கும்.

நான்காவதும் சேர்ந்தால்: இரண்டு நாளுக்கு அல்ல, நான்கு நாளுக்கு உணவு, மருந்து, குடிநீர். தாழ்வான இடத்து வாகனங்களை மேட்டுக்கு மாற்றுங்கள். ஆற்றங்கரை ஊர்கள் அணை அறிவிப்புகளை மணிக்கொருமுறை பாருங்கள்.

ஐந்தாவதும் தெரிந்தால்: காத்திருக்கும் நேரம் முடிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன், பகல் வெளிச்சம் இருக்கும்போதே இடம் மாறுங்கள்.

அதிகாரபூர்வ எச்சரிக்கை எப்போதும் வானிலை ஆய்வுத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தருவதே. இந்த அறிகுறிகள் அந்த எச்சரிக்கையைச் சரியாகப் படிக்க உதவும், அதற்கு மாற்றாகாது. உங்கள் கணிப்பை வாட்ஸ்அப் குழுக்களில் எச்சரிக்கையாகப் பரப்பாதீர்கள்.

பயிற்சி

1. 2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரையிலான ஃபெஞ்சலின் இருப்பிடங்களை ஆறு மணி நேர இடைவெளியில் வரைபடத்தில் பதியுங்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் வேகத்தைக் கணக்கிடுங்கள். மணிக்கு 5 கி.மீ.க்குக் குறைந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அப்போது எந்த ஊர்களில் மழை அதிகம் பதிவானது என்று ஒப்பிடுங்கள்.

2. ஒரு வாரம் உங்கள் செல்பேசியில் அழுத்தத்தை அதிகாலை 4, காலை 10, மாலை 4, இரவு 10 மணிகளில் குறியுங்கள். புயலே இல்லாத நாளில் உங்கள் ஊரின் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் ஐந்தாவது அறிகுறியைப் பயன்படுத்தாதீர்கள்.

3. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடலில் உருவாகும் ஒவ்வொரு சுழலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஐந்து அறிகுறிகளில் எவை, எந்தத் தேதியில் தெரிந்தன, சுழல் உண்மையில் நின்றதா, எத்தனை மணி நேரம் என்று நிரப்புங்கள். அறிகுறி தெரிந்தும் நிற்காமல் போனவற்றையும் விடாமல் எழுதுங்கள். எந்த அறிகுறி உங்கள் கரையில் நம்பத்தக்கது, எது வெறும் சலசலப்பு என்பதை அந்தப் பக்கங்கள் காட்டிக்கொடுக்கும்.